கடைசி நாள் வரை சொல்லாதவர்கள்

காலையில் படப்பையில் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோரம் நின்றால், ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸும் கல்லூரி பஸ்ஸும் மாறி மாறி வரும். அப்பா ஒன்றிலும் பிள்ளை மற்றொன்றிலும் ஏறும் வீடுகள் இங்கே உண்டு. அப்பாவின் வேலையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்தது என்று மெஷினை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சொல்லாமல் வந்தால் அடுத்தவரின் விரல் போகும்.

பிள்ளைக்கு இந்த ஒழுங்கைக் கல்லூரி கற்றுத் தருவதில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக வீடியோ கேம் செய்யும் அணிகளில் இது அப்பட்டமாகத் தெரிகிறது.

ரிவ்யூவுக்கு முந்தைய இரவை எடுத்துக்கொள்வோம். படம் வரைந்தவர் வீரனின் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருக்கிறார். வாட்ஸ்அப் அதைச் சுருக்கியதில், ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டிய பின்னணி வெள்ளையாகிவிட்டது. திரையில் வீரன் வெள்ளைப் பெட்டியைச் சுமந்துகொண்டு குதிக்கிறான். ‘டாக்குமென்டா அனுப்பு’ என்று ஒரு வரி போதும். அதை எழுத வேண்டியவர் அவரோடு பத்து நாளாகப் பேசுவதில்லை. கேம் செய்யும் யூனிட்டி மென்பொருளில் ஒரே சீன் ஃபைலை இருவர் தனித்தனியே திருத்தி வைத்திருக்கிறார்கள். சேர்க்கப் போனால் ஒருவரின் மூன்று நாள் உழைப்பு அழியும். எதிரிகளின் நடமாட்டத்தை எழுதித் தருகிறேன் என்று ஜனவரியில் ஏற்றுக்கொண்டவர், கேட்டபோதெல்லாம் ‘முடிஞ்சிருச்சு மச்சி, சின்ன பக் மட்டும் இருக்கு’ என்றார். அவர் அந்த ஃபைலைத் திறந்ததேயில்லை.

இருபத்தொரு வயதில் ஒரு வேலை வராமல் போவது குற்றமாகாது. ‘எனக்கு இது வரலடா’ என்று முதல் வாரமே சொல்லியிருந்தால் மற்றவர்கள் பங்கிட்டிருப்பார்கள். வராததை வந்ததாகச் சொல்லி மூன்று பேரின் இரண்டு மாதத்தை எடுத்துக்கொண்டது திருட்டு. நட்பு என்ற பெயரில் இதைப் பூசி மெழுகுவதை ஏற்க முடியாது.

இதைவிடக் கனமான அநீதி ஒன்று உண்டு. மாலை கல்லூரி பஸ் கிளம்பியதும் வீட்டிலிருந்து வரும் மாணவிகள் போய்விடுகிறார்கள். கதையும் கட்டமும் வேலைப் பங்கீடும் இரவில் ஆண்கள் ஹாஸ்டல் அறையில் முடிவாகின்றன. காலையில் அணியிலுள்ள மாணவிக்குக் கிடைப்பது ஒரே வாக்கியம்: ‘ரிப்போர்ட்டும் பிபிடியும் நீ பாத்துக்கோ.’ முதலாண்டிலிருந்து நன்றாகக் கோடு எழுதியவளுக்கும் இதேதான். வைவாவில் வெளித் தேர்வாளர் கோடு பற்றிக் கேட்கும்போது அவள் விழிக்கிறாள். ‘பொண்ணுங்க எதுவும் செய்யல சார்’ என்ற பேச்சு அப்போது எழுகிறது. அவள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கியவர்களே அவளைச் சோம்பேறி என்கிறார்கள்.

ஒரு அணி சேர்ந்து இயங்குவது எப்படி இருக்கும் என்று அறிய, 2023 ஜூலையில் வெளியான ‘வெண்பா’ என்ற வீடியோ கேமை இந்தப் பிள்ளைகள் விளையாடிப் பார்க்க வேண்டும். டொராண்டோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்தது. கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தாயும், அவளிடம் மனம்விட்டுப் பேசாத மகனும், சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்பேடும்தான் கதை. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. இட்லித் தட்டை அடுக்கும் சின்னக் காட்சியில்கூட ஓவியமும் ஒலியும் நிரலும் உரையாடலும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டு இயங்குகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கதைக்கா பஞ்சம்? ஏரியும் கம்பெனி கேட்டும் அக்கம்பக்கமாக இருக்கும் ஊர் இது.

பிள்ளைகளை மட்டும் கண்டிப்பது நேர்மையாகாது. ‘இன்னும் முடியல சார்’ என்று உண்மை சொன்னவனை வகுப்பின் முன் நிறுத்தித் திட்டும் கைடு, அடுத்த முறை பொய் சொல்ல அவனைப் பழக்குகிறார். நான்கு பேருக்கும் ஒரே மார்க் போடும் துறை, உழைத்தவரையும் ஒளிந்தவரையும் ஒரே தராசில் வைக்கிறது. யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்று கிட் மென்பொருள் பதிந்து வைத்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்தக் கணக்கில் எல்லா உழைப்பும் ஏறாது என்பது உண்மை. கதையை யோசித்தவரின் இரவுகள் அதில் வராது. அதனால்தான் ஒவ்வொருவரையும் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். முதல் கேள்வி ‘எது முடியவில்லை?’ என்பதாக இருக்க வேண்டும். அதற்கு உண்மையான பதில் சொன்னால் மார்க் குறையக் கூடாது.

பஸ் கிளம்புவதற்கு முன் எல்லோரும் இருந்து எடுக்காத முடிவு அணியின் முடிவாகாது என்று துறைகள் அறிவிக்கட்டும். அடுத்த ரிவ்யூவில் டீம் லீடரைக் கூப்பிடுவதற்கு முன், பிபிடி செய்தவளைக் கூப்பிட்டு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வையுங்கள். அவளுக்குக் கோடு கொடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தால், குறைக்க வேண்டிய மார்க்கை மற்ற மூவரின் கணக்கில் குறையுங்கள்.