ரெண்டு மணி நேரம் வீணாகவில்லை

"ஒரு எடிட்டரை செட் பண்ண ரெண்டு மணி நேரமா? ரெடிமேடா ஒண்ணை இறக்கினா அஞ்சு நிமிஷம், ப்ரோ." போன மாதம் என் மேஜைக்குப் பின்னால் நின்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்: அவர் கணக்கு தப்பு.

நான் செய்துகொண்டிருந்தது, ஈமேக்ஸ் எடிட்டருக்குள் காமன் லிஸ்ப் மொழியை ஓடவைக்கும் வேலை. எஸ்பிசிஎல் என்ற கம்பைலர், அதை எடிட்டரோடு பேசவைக்க ஸ்லைம் என்ற நீட்சி. கம்பைலர் எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். என் நேரத்தைத் தின்றது அந்த ஒரு வரிதான். மேக்கில் ஐகானைச் சொடுக்கித் திறக்கும் ஈமேக்ஸுக்கு டெர்மினலின் 'பாத்' தெரியாது. டெர்மினலில் ஜம்மென்று ஓடுகிற கம்பைலரை, அப்படி ஒன்றே இல்லை என்று சாதித்தது. முழு முகவரியைக் கொடுத்ததும் அடங்கியது.

அதற்குப் பிறகு கிடைத்தது என்ன? ஒரு ஃபங்ஷனை எழுதி கன்ட்ரோல்-சி இரண்டு தடவை தட்டினால், அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குள் போய் உட்கார்கிறது. எதையும் நிறுத்த வேண்டாம். பிழை வந்தால் நிரல் செத்து விழாது. அப்படியே நின்று, அடுத்து என்ன செய்யலாம் என்று எண் போட்டு வழிகளைக் காட்டும். 1998இல் நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் லிஸ்பில் எழுதிய ஒரு மென்பொருள், 1999 மே மாதப் பரிசோதனையின் நடுவே சிக்கி நின்றது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த கலத்தில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க உதவியது இதே கேட்டுப் பதில் வாங்கும் வசதிதான்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வரியை மாற்றிவிட்டு பில்டு முடிய நான்கு நிமிடம். ஒரு நாளில் இருபது தடவை. எண்பது நிமிடம் போச்சு. என் இரண்டு மணி நேரம் ஒன்றரை நாளில் திரும்பிவிடும்.

ஆனால் என் சண்டை நேரத்துக்காக இல்லை. பதில் வர நான்கு நிமிடம் ஆனால், நாம் சின்னக் கேள்விகளைக் கேட்பதையே விட்டுவிடுகிறோம். 'காலிப் பட்டியலைக் கொடுத்தா என்ன ஆகும்?' இதைக் கேட்க யாருக்குப் பொறுமை? 'ஓடும்னு நினைக்கிறேன்' என்று அனுப்பிவிடுகிறோம். கல்லூரியில் எங்களுக்குப் பழக்கியதும் அதுதான். நிரலையும் அவுட்புட்டையும் ரெக்கார்ட் நோட்டில் கையால் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். லேப் தேர்வில் திரையில் பிழை வந்தால் உள்ளங்கை வேர்க்கும். பிழை என்பது மதிப்பெண் போகிற விஷயம். விசாரிக்க வேண்டிய விஷயம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பயம் எனக்குப் போனது முப்பது வயதுக்கு மேல், இந்தத் திரைக்கு முன்னால்தான்.

இதில் கோளாறே இல்லையா என்றால், இருக்கிறது. கோப்பில் நான் அழித்த ஃபங்ஷன், ஓடும் நிரலுக்குள் உயிரோடு இருந்துகொண்டு எல்லாம் சரி என்று ஏமாற்றும். அதனால் தினமும் ஒருமுறை எல்லாவற்றையும் மூடி, முதலிலிருந்து ஏற்றிப் பார்க்கிறேன். இன்னொரு வியாதியும் உண்டு: எடிட்டரை அலங்கரிப்பதே வேலையாகிப்போவது. முதல் மாதம் நான் பதினோரு வண்ண தீம்களை மாற்றினேன். எழுதிய நிரல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நான் வக்கீல் இல்லை.

லிஸ்ப்தான் வேண்டும் என்றும் சொல்லவில்லை. பைத்தானில் இதில் பாதியாவது கிடைக்கும். உங்கள் எடிட்டரிலேயே அதற்கு ஒரு ஜன்னல் இருக்கும், திறந்திருக்க மாட்டீர்கள். இந்த வாரம் திறந்து, கேட்க வெட்கப்பட்டு விட்டுவைத்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கு நான் அந்த சக ஊழியரின் மேஜைக்குப் பின்னால் போய் நிற்கப்போகிறேன். பில்டு ஓடும்போது அவர் எத்தனை தடவை போனை எடுக்கிறார் என்று எண்ண வேண்டும்.