வைரம் தேயுமா?

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் புதிதாக ஒரு டர்ன்டேபிள் வீற்றிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தாராம். கனமான தட்டு, மெலிந்து நீண்ட கை. பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் கையின் நுனியில் இருக்க வேண்டிய கார்ட்ரிட்ஜைக் காணோம். உயர்ந்த ரக யந்திரங்கள் பலவும் இப்படித்தான் வருகின்றன. கார்ட்ரிட்ஜை அவரவர் ருசிக்கும் வசதிக்கும் ஏற்பத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

"வீணை வந்துவிட்டது, தந்தி வரவில்லை" என்றார் நண்பர். மாப்பிள்ளையிடம் அதையும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. பென்ஷனில் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தார். கடைக்காரர் ஒருவரோ, "இவ்வளவு பெரிய யந்திரத்துக்கு மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்தான் கௌரவம்" என்று சொல்லி அவரைக் கலங்க வைத்துவிட்டார்.

கௌரவம் இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி ஆடுகிறது. அந்த ஆட்டத்தை மின்சாரமாக மாற்றுவது கார்ட்ரிட்ஜ். ஊசித் தண்டில் காந்தம் இருந்து, கம்பிச் சுருள் அசையாமல் நின்றால் அது மூவிங் மாக்னெட். சுருள் ஆடி, காந்தம் நின்றால் மூவிங் காயில். முன்னது சுமார் 4 மில்லிவோல்ட் தருகிறது. பின்னதில் பெரும்பாலானவை அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அந்த மெல்லிய குரலை உயர்த்த அதற்கேற்ற ஆம்ப்ளிபயர் வேண்டும். அது மட்டுமா? மூவிங் மாக்னெட்டில் ஊசி தேய்ந்தால், விரலால் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகிவிடலாம். மூவிங் காயிலில் பெரும்பாலும் முழுக் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டியதுதான். ஜப்பானியரின் டெனான் டிஎல்-103 என்ற மூவிங் காயில் 1960-களிலிருந்து புகழ் பெற்றது. அதைக் குறை சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் கூடவே வரும் செலவு பென்ஷன்காரருக்கு உகந்ததல்ல.

"ஊசி முனை வைரம் என்கிறார்களே! வைரமா தேயும்?" என்று இடைமறித்தார் நண்பரின் மனைவி. அவர் காதுத் தோடுகள் மூன்று தலைமுறை கண்டவை. நியாயமான கேள்வி! தோடு காதில் சும்மா இருக்கிறது; ஊசியோ ஓயாமல் உராய்கிறது. அந்தக் காலத்துக் கிராமபோனில் எஃகு ஊசியைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றினார்கள். வைரம் வந்ததும் மாற்றும் வழக்கமே மறந்துபோயிற்று. தேய்ந்த வைரம் உளி போலாகித் தட்டைச் செதுக்குகிறது. கடையில் வேறு ஊசி வாங்கிவிடலாம். செதுக்கப்பட்ட தட்டை எங்கே போய் வாங்குவது?

ஆகையால் பணத்தை முனையின் வடிவத்தில் போடுங்கள் என்றேன். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் உடல் ஒன்றே; ஊசிகள் பல. நீள்வட்ட முனைக்குச் சுமார் 300 மணி நேரமும், கூம்பு முனைக்கு 500-உம், மைக்ரோலீனியர் என்ற மிக நுண்ணிய முனைக்கு 1,000-உம் ஆயுள் என்று அந்தக் கம்பெனியே கணக்குச் சொல்கிறது. நண்பர் வீட்டில் தினம் காலையில் எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் ஸுப்ரபாதம், 1963-இல் வெளிவந்த இசைத்தட்டு, சுமார் இருபது நிமிஷம் சுழலும். நீள்வட்ட முனை 900 காலைகளுக்கு வரும். இரண்டரை வருஷம்கூட இல்லை. மைக்ரோலீனியர் 3,000 காலைகள். எட்டு வருஷத்துக்கு மேல். விலை சில மடங்கு அதிகந்தான். ஆனால் ஆயுளால் வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மேலும், பழைய ஊசிகள் தேய்த்த தடத்துக்கு அப்பாலுள்ள இடத்தையும் நுண்ணிய முனை தொடக்கூடும். பழைய தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்களுக்கு அது பெரிய லாபம்.

இந்த இடத்தில் நண்பர் உள்ளே போய், தம் தகப்பனாரின் 78 சுற்றுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பகீரென்றது. அவற்றின் பள்ளம் அகலமானது; அதற்கு ஊசி முனை சுமார் 75 மைக்ரான் வேண்டும். லாங் பிளே ஊசியோ 18 மைக்ரான் அளவுதான். பள்ளத்தின் அடியில் விழுந்து புழுதியைத்தான் பாடும். நல்லவேளையாக அதே வரிசையில் 78-க்கென்றே ஓர் ஊசி உண்டு; உடலை மாற்றவேண்டாம், கிராம் கணக்கை மட்டும் மாற்றி அமைக்கவேண்டும். ஆனால் டர்ன்டேபிளைப் பார்த்தால் 33-உம் 45-உந்தான் இருக்கின்றன, 78 இல்லை! உயர்ந்த ரகங்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. தகப்பனாரின் தட்டுகள் மறுபடியும் பீரோவுக்குப் போயின. நண்பரின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கும் வருத்தமாயிற்று.

கார்ட்ரிட்ஜ் வந்து சேர்ந்ததும் நானே போய்ப் பொருத்தினேன். பாரம் 2 கிராம். சிறு தராசு ஒன்றில் நிறுத்தோம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பாரம் போதாத ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் குதித்துத்தான் சேதம் செய்கிறது. காகித அளவுகோலை வைத்துக் கோணத்தையும் சரிபார்த்தோம். நுண்ணிய முனைக்கு இது மிகவும் அவசியம். ஒரு மணி நேரம் பிடித்தது, இரண்டு காபியும் ஆயிற்று.

"தினம் துணியால் துடைக்கலாமா?" என்றார் அந்த அம்மாள், கையில் துணியோடு.

"தட்டைத் துடையுங்கள். ஊசிக்குச் சின்னத் தூரிகை. பின்னிருந்து முன்னாக மட்டும். புடவைத் தலைப்பு பட்டால் தண்டு முறிந்துவிடும்."

அவர் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.