‘டக்... டக்...’ சத்தம் கேட்டால் கம்ப்யூட்டரை அணையுங்கள்!

“போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. 2017-ம் ஆண்டிலிருந்து காய் எடுப்பு, ஆள் கூலி, மருந்து அடித்த தேதி, ஏலத்துக்கு அனுப்பிய லாட் விவரம் எல்லாம் ஸ்டோரில் உள்ள கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. ஒரு வாரமாக உள்ளே ‘டக்... டக்...’ என்று சத்தம் வருகிறது. விண்டோஸ் வர 20 நிமிடம் ஆகிறது. ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். மலை மேலே இருப்பதால்தான் இப்படி ஆகிறதா? கணக்கைக் காப்பாற்ற முடியுமா?”

- வாசகர், போடிநாயக்கனூர்.

முதலில் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ‘ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்’ என்று ஆன் செய்யவே வேண்டாம். ஃபார்மேட் செய்யச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால், உங்களுக்கு வேண்டியது கணக்கு, விண்டோஸ் அல்ல.

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போல வழவழப்பான தட்டுகள், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் ‘ஹெட்’, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது. ஹெட் பழுதாகி, தேடும் இடம் கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஓடி வரும்போதுதான் ‘டக்... டக்...’ சத்தம் கேட்கும். அந்த நிலையில் அது தட்டை உரசினால், உரசிய இடத்தில் இருந்த பதிவு தூளாகிப் போய்விடும். அதை எந்த லேப்பிலும் மீட்க முடியாது.

மலை உயரத்தைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை வேலை செய்யும்படி தயாரிக்கப்படுகின்றன. ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மின்தடை, ஏறி இறங்கும் வோல்டேஜ், இடி, ஸ்டோரின் தூசி, மழைக்கால ஈரம் இவற்றைச் சந்தேகப்படலாம். பல ஆண்டு ஓடிய டிஸ்க் வயதானாலே போய்விடும் என்பதும் உண்மை.

சில சமயம் டிஸ்க் நன்றாக இருந்தும், கரன்ட் சரியாகப் போகாததால் இதே சத்தம் வரும். மெக்கானிக்கிடம் பவர் கேபிளையும் டேட்டா கேபிளையும் மாற்றி, ஒரே ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் நிற்காவிட்டால் டிஸ்க்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். ஸ்பாஞ்சோ துணியோ சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அடிபடாமல் போடிக்கு இறக்குங்கள். குளிரிலிருந்து வெக்கைக்கு வந்தவுடன் பையைத் திறந்தால் டிஸ்க்கில் ஈரம் பூக்கும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே இருக்கட்டும்.

அடுத்து இரண்டு வழி. சத்தம் நின்று, பயாஸ் திரையில் டிஸ்க்கின் பெயர் தெரிந்தால், லினக்ஸில் ‘டிடி ரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் தெரிந்தவரைப் பிடியுங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்கும். கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்பும். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். புதிய டிஸ்க் பழையதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. மீட்பு வேலை முழுவதும் அந்த நகலில்தான் நடக்க வேண்டும். பழைய டிஸ்க்கில் ‘செக் டிஸ்க்’ ஓட்ட விடாதீர்கள். அது பழுது பார்க்கிறேன் என்று அதிலேயே எழுதும்.

பெயரே தெரியவில்லை, அல்லது சத்தம் நிற்கவில்லை என்றால், தூசியில்லா அறை வசதி உள்ள மீட்பு லேப்தான் ஒரே வழி. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இருக்கின்றன; செலவு கூடுதல்தான். எந்தக் கோப்புகள் கிடைக்கும் என்ற பட்டியலைக் காட்டிய பிறகே பணம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஊர்க் கடையில் மூடியைத் திறக்க விடாதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள். உள்ளே நீர் பூத்து, இருப்பதும் போகும்.

பணம் கட்டும் முன், எது எது வேறு இடத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். லாட், எடை, விலை விவரங்களை நீங்கள் காய் கொடுத்த ஏல நிறுவனத்திடம் கேட்டு வாங்கலாம். போடி, புற்றடி இரண்டு இடத்திலும் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலம்தான் நடக்கிறது. வரவு செலவு வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் ஆடிட்டரிடமும் இருக்கும். கூலி நோட்டும், எந்தப் பகுதியில் என்று என்ன மருந்து அடித்தோம் என்பதும்தான் வேறெங்கும் கிடைக்காது. அந்தக் கோப்புகளின் பெயரை எழுதிக் கொடுத்து, ‘இவற்றை முதலில் எடுங்கள்’ என்று சொல்லுங்கள். கணக்கு டாலியில் இருந்தால், எண்ணையே பெயராகக் கொண்ட அந்த ஃபோல்டர் முழுதாக வர வேண்டும். ஒன்றிரண்டு கோப்பு மட்டும் வந்தால் கணக்கு திறக்காது.

டிஸ்க் இன்னும் நன்றாக ஓடும் மற்ற வாசகர்கள், ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் மாதம் ஒருமுறை பாருங்கள். ‘கரன்ட் பென்டிங் செக்டார்’ எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அன்றே நகல் எடுங்கள். அந்த நகலையும் ஸ்டோரிலேயே செருகி வைத்திருந்தால், ஒரு இடி இரண்டையும் கொண்டுபோய்விடும். ஒன்று போடி வீட்டில் இருக்கட்டும்.

“தோட்டத்துப் படங்கள் இருந்த மெமரி கார்டைத் தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டேன். கிடைக்குமா?”

- வாசகர், கம்பம்.

அதற்குப் பிறகு புதிய படம் எடுக்காமல் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ‘போட்டோ ரெக்’ மென்பொருளை ஓட்டி, கிடைப்பதைக் கார்டில் அல்ல, கம்ப்யூட்டரிலேயே சேமியுங்கள். பழைய பெயர்கள் வராது, படங்கள் வரும். எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் அழித்திருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.