கண்ணால் கண்டதும் பொய்

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் சார்!"

இந்த ஒரு வரிக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது. டீக்கடையோ, கோர்ட்டோ, தடுமாறாமல் சொன்னால் உண்மை, தடுமாறினால் பொய். இந்த அளவுகோலே தப்பு.

நினைவு என்பது வீடியோ கேசட் அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனசு அந்தச் சம்பவத்தைப் புதிதாகக் கட்டுகிறது. விடுபட்ட இடங்களைப் பழைய அனுபவத்தையும், 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்ற எதிர்பார்ப்பையும் வைத்து நிரப்புகிறது. டிரையல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால் கணக்காளர் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர் போட்டாவது வைப்பார். மனசுக்கு அந்த நேர்மை கூட இல்லை. தானே போட்ட என்ட்ரியை நிஜ என்ட்ரி என்று சாதிக்கும்.

இது சும்மா சொல்வதல்ல. புரூவர், ட்ரேயன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-ல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களை ஓர் ஆபீஸ் அறையில் 35 விநாடி உட்கார வைத்தார்கள். பிறகு அங்கே என்னென்ன இருந்தன என்று கேட்டார்கள். 30 பேரில் 9 பேர் புத்தகங்கள் இருந்ததாகச் சொன்னார்கள். அறையில் ஒரு புத்தகம் கூட இல்லை! படிப்பவர் அறை என்றால் புத்தகம் இருக்கும் என்ற எதிர்பார்ப்பே நினைவாகிவிட்டது.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் காட்டியது இன்னும் மோசம். கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டார்கள். கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முதல் கூட்டத்தில் 7 பேர், இரண்டாவது கூட்டத்தில் 16 பேர் 'பார்த்தோம்' என்றார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் மாறியது.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆபத்தே அங்கேதான்! பொய் சொல்பவனைக் குறுக்கு விசாரணையில் மடக்கலாம். தன் நினைவை முழுசாக நம்புகிறவரை எப்படி மடக்குவது? அமெரிக்காவில் 1989 முதல் 2020 வரை டி.என்.ஏ. சோதனையால் நிரபராதிகள் என்று நிரூபணமான 375 பேரில், சுமார் 69 சதவீதம் பேரின் வழக்கில் தவறான அடையாளம் காட்டல் இருந்தது என்கிறது இன்னசன்ஸ் ப்ராஜெக்ட்.

இந்தியச் சட்டம், தன் தரப்பு சாட்சியிடம் பதிலைத் திணிக்கும் கேள்வி கேட்பதைக் கோர்ட்டில் கட்டுப்படுத்துகிறது. நல்லது. ஆனால் சாட்சி கோர்ட் படி ஏறுவதற்குள் எத்தனை பேர் அதே மாதிரி கேள்வி கேட்டிருப்பார்கள்? போலீஸ், பக்கத்து வீட்டுக்காரர், மைக்கை நீட்டும் டிவிக்காரர்... அடையாள அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபரின் படம் பேப்பரில் வந்துவிட்டால், சாட்சி அடையாளம் காட்டுவது யாரை? அன்று பார்த்த ஆளையா, பேப்பரில் பார்த்த ஆளையா?

அப்படியானால் சாட்சியே வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் ரத்தக் கறையைப் போலப் பத்திரமாகக் கையாள வேண்டும். சாட்சி முதன்முதலில் சொல்வதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். இப்போது சட்டம் 'பதிவு செய்யலாம்' என்றுதான் சொல்கிறது, அதைக் கட்டாயமாக்க வேண்டும். குற்றவாளி வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று அணிவகுப்புக்கு முன்பே சாட்சியிடம் சொல்ல வேண்டும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பும்போது மட்டும் அது ஏன் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை?