கப் என்றால் எந்தக் கப்?

ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகளுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளருக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள், லண்டன் சமையலறை ஒன்றில் அமெரிக்கக் கேக் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்று போட்டிருக்கிறது. எல்லாமே தெரிந்த வார்த்தைகள்தான். ஆனால் எவ்வளவு எடுப்பது என்பது மட்டும் தெரியவில்லை. சமையல் மேடைமேல் இருப்பதோ தராசு. பிரிட்டனில் மாவையும் சர்க்கரையையும் வெண்ணெயையும் நிறுத்துத்தான் போடுவார்கள். முன்பு அவுன்ஸ் கணக்கு, இப்போது கிராம் கணக்கு.

அமெரிக்கச் சமையலில் கப் என்பது பாத்திரத்தின் பெயரல்ல, அளவின் பெயர். 16 டேபிள்ஸ்பூன் சேர்ந்தால் ஒரு கப், அதாவது சுமார் 237 மில்லிலிட்டர். பிரிட்டிஷ் அலமாரியில் இருக்கும் தேநீர்க் கோப்பை இதைவிடச் சிறியது. மக் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. பழைய பிரிட்டிஷ் சமையல் புத்தகங்களில் அரை பைன்ட் கொள்ளும் ‘காலை உணவுக் கோப்பை’ ஒன்று வருகிறது. அது 284 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியாவின் கப் 250. ஜப்பானின் கப் 200. வார்த்தை ஒன்று, வயிறுகள் பல.

இந்தக் குழப்பத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கர்கள் புது அளவு எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ராணி ஆன் காலத்து ஆங்கிலேய ஒயின் காலனை, 231 கன அங்குலத்தை, அப்படியே வைத்துக்கொண்டார்கள். மாற்றியது பிரிட்டன்தான். 1824ஆம் ஆண்டுச் சட்டத்தில் இம்பீரியல் காலன் வந்தது. 10 பவுண்டு எடையுள்ள தண்ணீர் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதுதான் ஒரு காலன் என்றார்கள். திரவ அளவையே எடையை வைத்து வகுத்த நாடு அது. அதன் விளைவு, பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லிலிட்டர், அமெரிக்க பைன்ட் 473. இன்று பிரிட்டிஷ் சமையலறையில் அந்நியனாக வந்து நிற்கும் அமெரிக்கக் கப், அந்த வீட்டில் முன்பு குடியிருந்த ஒருவரின் பேரன்தான்.

கப்பைச் சமையலின் சட்டமாக்கிய பெருமை பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மருக்குப் பெரும்பங்கு உண்டு. 1896இல் வந்த அவருடைய புத்தகம், கப்பும் ஸ்பூனும் விளிம்பு மட்டத்துக்கு வழிக்கப்பட வேண்டும் என்று வற்புறுத்தியது. நம்மூர்ப் படியளப்பில் தலை தட்டுவது என்கிறோமே, அதுதான். ‘முட்டையளவு வெண்ணெய்’ என்று எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய சீர்திருத்தம். தராசு இல்லாத வீட்டிலும் ஒரே மாதிரி கேக் வரும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது.

தலை தட்டினால் மேல்பக்கம் சரியாகிவிடும். உள்ளே? மாவின் குணம் அமுங்குவது. பையிலிருந்து ஸ்பூனால் எடுத்து மெல்லத் தூவி நிரப்பினால் ஒரு எடை. கப்பைப் பைக்குள் விட்டு அள்ளினால் வேறு எடை. அமெரிக்காவிலேயே இதற்கு ஒருமித்த கருத்து இல்லை. கிங் ஆர்தர் மாவு நிறுவனத்தின் கணக்கில் ஒரு கப் மைதா 120 கிராம். ‘அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்’ கணக்கில் 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம். மூன்று கப் மாவு கேட்கும் கேக்கில் வித்தியாசம் 66 கிராம். அரைக் கப்புக்குக் கொஞ்சம் கூடக் குறைய. ஒருவருக்குப் பஞ்சு போல வந்த கேக் இன்னொருவருக்குச் செங்கல்லாக வருவதற்கு இது போதும்.

இதனால்தான் ‘ஒரு கப் என்றால் இத்தனை கிராம்’ என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஒரு கப் சர்க்கரை 200 கிராம். ஒரு கப் வெண்ணெய் 227. ஒரு கப் தேன் சுமார் 340. பொருளுக்குப் பொருள் எண் மாறும். ஒரே எண்ணால் எல்லாவற்றையும் பெருக்குபவர், அகராதியின் முதல் அர்த்தத்தையே எல்லா வாக்கியத்திலும் போடும் மொழிபெயர்ப்பாளரைப் போன்றவர்.

“எந்தக் கப்பாக இருந்தால் என்ன, எல்லாவற்றையும் அதே கப்பால் அளந்தால் விகிதம் சரியாக இருக்குமே” என்று ஒரு வாதம் உண்டு. சாதம் வடிக்க அது சரி. கேக்குக்குச் சரிவராது. 300 மில்லிலிட்டர் மக்கை வைத்து அளந்தால் மாவு, சர்க்கரை, பால் மூன்றும் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஆனால் முட்டை அதே இரண்டு, பேக்கிங் பவுடர் அதே ஸ்பூன், தகர அச்சும் அதே அளவு. போதாக்குறைக்கு முட்டையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் ‘பெரியது’ எனப்படும் முட்டை சுமார் 57 கிராம். பிரிட்டனில் அது ‘நடுத்தரம்’. அங்கே ‘பெரியது’ 63 கிராமில்தான் தொடங்குகிறது.

வெண்ணெயைக் கப்பில் அளக்கச் சொல்வதுதான் பிரிட்டிஷ்காரர்களை அதிகம் திகைக்க வைப்பது. கட்டியை எப்படிக் கப்பில் அடைப்பது? அமெரிக்கர்கள் அடைப்பதில்லை. அங்கே வெண்ணெய் 113 கிராம் ஸ்டிக்குகளாக வருகிறது. மேலுறையில் டேபிள்ஸ்பூன் கோடுகள் அச்சாகியிருக்கும். கோட்டில் வெட்டினால் போதும். ஒரு ஸ்டிக் அரைக் கப். இந்த ஒரு தகவல் தெரியாததால் சமையலறைகளில் பிசுபிசுத்துப்போன கைகள் எத்தனையோ.

வார்த்தைகளிலும் கண்ணிகள் உண்டு. அமெரிக்க ‘ஆல் பர்ப்பஸ்’ மாவுக்குப் பிரிட்டனில் ‘பிளெய்ன்’ மாவு. தவறிப்போய் ‘செல்ஃப் ரெய்ஸிங்’ எடுத்தால் அதில் ஏற்கெனவே பேக்கிங் பவுடர் இருக்கிறது. பிரிட்டனின் ‘கார்ன்ஃப்ளவர்’ அமெரிக்காவில் ‘கார்ன்ஸ்டார்ச்’. அமெரிக்கர் ‘கார்ன்ஃப்ளவர்’ என்றால் சோளத்தை அரைத்த மாவு. 350 டிகிரி என்பது பாரன்ஹீட். அதை 180 செல்சியஸ் அல்லது கேஸ் மார்க் 4 என்று வாசிக்க வேண்டும்.

தீர்வு எளிது. அமெரிக்கப் புத்தகத்தை அடிக்கடி எடுப்பவர் சில பவுண்டுகள் கொடுத்து அமெரிக்கக் கப் செட் ஒன்றை வாங்கிவிடலாம். தராசை விட மனமில்லாதவர், புத்தகத்தின் முன்பக்கங்களில் ஆசிரியர் தம் ஒரு கப் மாவு எத்தனை கிராம் என்று சொல்லியிருக்கிறாரா என்று பார்க்கட்டும். சொல்லாவிட்டால் 120இல் தொடங்கி, மாவின் பதத்தைப் பார்த்துக் கூட்டலாம். கூட்டுவது சுலபம், போட்ட மாவைத் திரும்ப எடுக்க முடியாது.

இதில் பதிப்பாளர்களின் பொறுப்பும் இருக்கிறது. அமெரிக்கச் சமையல் புத்தகத்தைப் பிரிட்டனில் விற்பவர்கள், ஒவ்வொரு பொருளையும் நிறுத்துப் பார்த்து, சமைத்துப் பார்த்து அச்சிட வேண்டும். கால்குலேட்டரை வைத்துப் பெருக்கி 236.6 என்று போடுவது துல்லியம்போலத் தெரியும், அவ்வளவுதான். புத்தகத்தை நம்பி அரைக் கிலோ வெண்ணெயும் அரை டஜன் முட்டையும் போட்டுவிட்டு, குழந்தையின் பிறந்தநாளன்று ஓவன் முன்னால் காத்திருப்பவருக்கு, அந்தத் தசமப் புள்ளியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.