பிரான்ஸில் கத்தோலிக்கராக இருப்பது ஏன் கடினம்? சட்டம், கேலி, கோபம்: ஒரு விளக்கம்

2025 ஈஸ்டரில் பிரான்ஸ் முழுவதும் 10,384 பெரியவர்கள் திருமுழுக்கு பெற்றார்கள். முந்தைய ஆண்டு இந்த எண்ணிக்கை 7,135. ஒரே வருடத்தில் 45 சதவீத உயர்வு. அதிலும் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள்தான் அதிகம்.

இதில் என்ன ஆச்சரியம்? பிரான்ஸின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 18 முதல் 59 வயதுக்கு உட்பட்டவர்களில் 51 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்கிறார்கள். கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் 29 சதவீதம்தான். ஒரு காலத்தில் ‘திருச்சபையின் மூத்த மகள்’ என்று அழைக்கப்பட்ட நாடு இது. இன்று அங்கே தீவிர விசுவாசி என்றால் வகுப்பறையிலும் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை.

அப்படின்னா பிரான்ஸ் கத்தோலிக்கர்களை ஒடுக்குகிறதா? ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அவர்கள் சந்திக்கும் எதிர்ப்பு ஒரே மாதிரியானது அல்ல.

லாயிசிதேன்னா என்ன?

நம்ம ஊரில் மதச்சார்பின்மை என்றால் எல்லா மதங்களுக்கும் சம மரியாதை என்று புரிந்துகொள்கிறோம். அரசு அலுவலகத்தில் ஆயுத பூஜை நடந்தால் பெரும்பாலானோர் அதை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. பிரான்ஸின் ‘லாயிசிதே’ வேறு. அங்கே அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதத்துக்கும் சம்பளமோ மானியமோ தராது. 1905 டிசம்பர் 9-ல் வந்த சட்டத்தின் சாரம் இதுதான். அதே சட்டத்தின் முதல் பிரிவு, மனசாட்சி சுதந்திரத்துக்கும் வழிபாட்டு சுதந்திரத்துக்கும் உறுதி கொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதுதான் நூறு ஆண்டுகளைத் தாண்டியும் தீராத சண்டை.

இந்தச் சட்டம் திடீரென்று வரவில்லை. 1789 புரட்சிக்குப் பிறகு திருச்சபையின் சொத்துகள் தேசியமயமாக்கப்பட்டன. 1794 ஜூலையில் கொம்பியேன் நகரத்து கார்மேல் சபையைச் சேர்ந்த 16 பேர் பாரிஸில் கில்லட்டினில் கொல்லப்பட்டார்கள். போப் பிரான்சிஸ் 2024 டிசம்பரில் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். மறுபுறம், திருச்சபை நீண்ட காலம் முடியாட்சியின் பக்கமே நின்றது என்ற கோபம் குடியரசுவாதிகளுக்கு இருந்தது. அந்தக் கணக்கு தீர்க்கப்பட்ட இடம்தான் 1905.

சட்டத்தில் விதிவிலக்குகளும் உண்டு. 1905-ல் ஜெர்மனியின் கையில் இருந்ததால், அல்சாஸ்-மொசெல் பகுதியில் இந்தச் சட்டம் இன்றும் பொருந்தாது. அங்கே பாதிரியார்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. 1959-ல் வந்த இன்னொரு சட்டப்படி, அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் அரசுதான் சம்பளம் கொடுக்கிறது.

அன்றாட வாழ்க்கையில் இது எப்படித் தெரியும்?

அரசுப் பள்ளி ஆசிரியரோ அரசு மருத்துவமனை செவிலியரோ பணி நேரத்தில் சிலுவை அணிந்து வேலை செய்ய முடியாது. மாணவர்கள் சிறிய சிலுவை டாலர் போடலாம். கண்ணில் படும்படி பெரிதாக இருந்தால் 2004 சட்டப்படி தடை. முஸ்லிம் மாணவிகளின் தலைத்துணிக்கும் யூத மாணவர்களின் தொப்பிக்கும் தடை விதித்த அதே சட்டம்தான் இது. அதனால் பலருடைய அன்றாட வாழ்க்கையில் இதன் பாதிப்பை அதிகம் உணர்ந்தவர்கள் முஸ்லிம்கள்தான்.

பொது இடங்களிலும் இதே கதை. பிரிட்டனி பகுதியில் உள்ள புளோயெர்மெல் என்ற ஊரில் போப் இரண்டாம் ஜான் பால் சிலை இருந்தது. சிலைக்கு மேலே இருந்த சிலுவையை அகற்றச் சொல்லி 2017-ல் பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியில் சிலையே ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் தனியார் நிலத்துக்கு இடம் மாறியது. நகராட்சி அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கலாமா என்ற கேள்விக்கு அதே நீதிமன்றம் 2016-ல் சொன்ன பதில்: தற்காலிகமாக, பண்பாட்டு அல்லது பண்டிகை அலங்காரமாக இருந்தால் வைக்கலாம், மத அங்கீகாரமாக இருந்தால் கூடாது. அதாவது குழந்தை இயேசு இருக்கலாம், ஆனால் அலங்காரமாக மட்டும்.

இதன் உச்சகட்டக் காட்சி நோட்ர டாம் பேராலயம். பழைய பேராலயங்கள் அரசின் சொத்து. திருச்சபைக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. 2019 தீ விபத்துக்குப் பிறகு, உலகம் முழுவதும் இருந்து சுமார் 3,40,000 பேர் கொடுத்த நன்கொடையால் அது மீண்டு எழுந்தது. 2024 டிசம்பர் 7 திறப்பு விழாவில், லாயிசிதேவை மதிக்கும் விதமாக அதிபர் மக்ரோன் ஆலயத்துக்கு வெளியே பேசுவதாகத்தான் திட்டம். ஆனால் புயல் மழை வந்ததால் உள்ளேயே பேச வேண்டியதாயிற்று.

கேலி, தாக்குதல்

சட்டம் ஒருபுறம் என்றால், மனதை அதிகம் காயப்படுத்துவது வேறு விஷயம். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவின் ஒரு காட்சி, இயேசுவின் கடைசி இரவு உணவைக் கிண்டல் செய்ததாகப் பலர் கொதித்தார்கள். பிரான்ஸ் ஆயர் பேரவையும் வருத்தம் தெரிவித்தது. அது கிரேக்கக் கடவுள்களின் விருந்து என்று விழா இயக்குநர் விளக்கினார். யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை என்று அமைப்பாளர்கள் மன்னிப்பு கேட்டார்கள். மறுபக்கம், அந்த இயக்குநருக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிரான்ஸில் மதத்தைக் கேலி செய்வது குற்றமல்ல. தெய்வநிந்தனைச் சட்டம் அங்கே கிடையாது.

உயிர் போன சம்பவங்களும் உண்டு. 2016 ஜூலை 26-ல் நார்மண்டியில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த 85 வயது அருட்தந்தை ஜாக் ஹமெல் ஆலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். 2020 அக்டோபரில் நீஸ் நகர ஆலயத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். இவற்றைச் செய்தது மதச்சார்பற்ற சமூகம் அல்ல, ஜிகாதி தீவிரவாதிகள். ஹமெல் கொலைக்கு அடுத்த ஞாயிறு, பிரான்ஸின் பல ஆலயங்களில் முஸ்லிம்கள் திருப்பலிக்கு வந்து கத்தோலிக்கர்களுடன் உட்கார்ந்தார்கள். குடியரசும் அவருக்காகத் துக்கம் அனுசரித்தது. எனவே எல்லாத் தாக்குதல்களையும் ‘கிறிஸ்தவ வெறுப்பு’ என்ற ஒரே பெட்டியில் போடுவது சரியாக இருக்காது.

நியாயமான கோபமும் இருக்கிறது

திருச்சபை மீதான கோபத்தில் ஒரு பங்கை அதுவே சம்பாதித்துக்கொண்டது. ஆயர்களே கேட்டு அமைத்த சுயேச்சை ஆணையம் 2021 அக்டோபரில் அறிக்கை தந்தது. 1950 முதல் சுமார் 2,16,000 சிறார்கள் குருக்களாலும் துறவிகளாலும் பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. திருச்சபைப் பணிகளில் இருந்த பொதுநிலையினரையும் சேர்த்தால் 3,30,000.

அறிக்கை வந்த மறுநாளே, பாவசங்கீர்த்தன ரகசியம் குடியரசின் சட்டங்களைவிட மேலானது என்று ஆயர் பேரவைத் தலைவர் வானொலியில் சொல்ல, உள்துறை அமைச்சர் அவரை அழைத்துப் பேசினார். தன் சொற்கள் சரியாக அமையவில்லை என்று பின்னர் அவர் மன்னிப்பு கேட்டார். அடுத்த மாதம் லூர்து நகரில் கூடிய ஆயர்கள், இது தனிநபர் தவறு மட்டுமல்ல, திருச்சபையின் நிறுவனப் பொறுப்பு என்று ஏற்று, முழந்தாளிட்டு மன்றாடினார்கள்.

விசுவாசிக்கு மிகக் கடினமான இடம் இதுதான். வெளியே இருந்து வரும் கேலியைத் தாங்கிவிடலாம். தன் வீட்டுக்குள்ளேயே நடந்த துரோகத்தைத் தெரிந்துகொண்டு, பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று, அப்புறமும் ஞாயிறு திருப்பலிக்குப் போவது வேறு. ‘எங்களை வெறுக்கிறார்கள்’ என்ற ஒற்றைப் பதில் இங்கே செல்லாது.

அப்புறம் ஏன் இளைஞர்கள் வருகிறார்கள்?

ஒரு காரணத்தை மட்டும் கைகாட்ட முடியாது. ஆனால் ஒரு மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. குழந்தைத் திருமுழுக்குகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன. அதாவது பெற்றோரிடமிருந்து தானாக வந்து சேரும் மதம் சுருங்குகிறது, தேடி வந்து தேர்ந்தெடுக்கும் மதம் வளர்கிறது. பெந்தெகொஸ்தே வார இறுதியில் பாரிஸிலிருந்து சார்த்ர் பேராலயம் வரை மூன்று நாள் நடக்கும் பாரம்பரிய யாத்திரையில் 2025-ல் சுமார் 19,000 பேர் கலந்துகொண்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள்.

இதிலும் எச்சரிக்கை தேவை. புதிதாக வருபவர்களின் எண்ணிக்கை, விட்டுப் போனவர்களின் இடத்தை நிரப்பும் அளவுக்கு இல்லை. இன்னொரு பக்கம், ‘கிறிஸ்தவ வேர்கள்’ என்று முழங்கும் வலதுசாரி அரசியலும் இருக்கிறது. நகராட்சிக் குடிலுக்காகப் போராடும் எல்லோரும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் அல்ல. அவர்களில் பலருக்கு அது விசுவாசம் அல்ல, அடையாளம்.

அடுத்து என்ன?

அடுத்த பெரிய உரசல் மருத்துவமனைகளில். உயிர் துறக்க உதவி கோரும் உரிமை தரும் மசோதாவை 2025 மே 27-ல் தேசிய சட்டமன்றம் 305-க்கு 199 என்ற வாக்குகளில் முதல் முறையாக நிறைவேற்றியது. தனிப்பட்ட மருத்துவரோ செவிலியரோ மனசாட்சியைக் காட்டி விலகிக்கொள்ள அதில் இடம் உண்டு. ஒரு நிறுவனம் முழுவதுமாக மறுக்க இடமில்லை. கத்தோலிக்க சபைகள் நடத்தும் முதியோர் இல்லங்களுக்கு இது வெறும் கொள்கை விவாதம் அல்ல.

பிரான்ஸ் கத்தோலிக்கர்கள் பழைய சலுகைகளை இழந்திருக்கிறார்கள். அது ஒடுக்குமுறை ஆகாது. அதே சமயம் மனசாட்சிக்கு எதிராக நடக்கச் சொன்னால், அதை வெறும் சலுகை இழப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. எது எந்த வகை என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு விசுவாசிகளுக்கும் உண்டு, குடியரசுக்கும் உண்டு.