பத்து லட்சம் மணி நேரம் என்பது ஆயுள் அன்று

தரவு மையம் திட்டமிடுவோர் புரட்டும் வன்தட்டு விவரத்தாளில் ‘எம்டிபிஎஃப்: 10 லட்சம் மணி நேரம்’ என்றிருக்கும். பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரிக் காலம் என்பது அதன் விரிவு. வகுத்தால் 114 ஆண்டு. அதே வன்தட்டுக்கு உத்தரவாதமோ பெரும்பாலும் ஐந்தே ஆண்டு. இம்முரண் கண்ணெதிரே இருந்தும் அவ்வெண்ணை ‘ஆயுள்’ என்று எழுதுவது கணக்குப் பிழை அன்று. பொருள்கோளில் நேர்ந்த பிழை.

‘இடைப்பட்ட காலம்’ என்ற தொடர் ஒரு பொருளின் வரலாறுபோல் ஒலிக்கிறது. குறிப்பதோ ஒரு கூட்டத்தின் பழுது வீதத்தை. ஆயிரம் இளைஞரில் ஆண்டுக்கு ஒருவர் இறந்தால், இளைஞரின் ஆயுள் ஆயிரம் ஆண்டு என்று எவரும் கூறார். ஆயிரம் வன்தட்டுகள் ஓராண்டு ஓடினால் ஏறத்தாழ ஒன்பது பழுதாகும் என்பதே 10 லட்சம் மணி நேரத்தின் நேர்ப்பொருள். அதுவும் விற்பவர் கணக்கு. 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் வன்தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுவது வழக்கமாகவே இருந்தது. சில இடங்களில் அது 13 விழுக்காட்டை எட்டியது. ஒன்பது என்று எண்ணியது இருபதாகலாம், நாற்பதாகலாம்.

இதனினும் பெரும்பிழை, ‘நகல் இரண்டு உண்டு, இரண்டும் ஒருசேரப் பழுதாகா’ என்று வீதங்களைப் பெருக்கி ஆறுதல் கொள்வது. பழுதுகள் ஒன்றையொன்று சாராதபோதுதான் அப்பெருக்கல் செல்லும். திருவனந்தபுரத்தின் தம்பானூரை மழைக்காலத்தில் கண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு அடைத்துக்கொண்டால் தண்டவாளம், பேருந்து நிலையம், கடைத்தெரு எல்லாம் ஒருசேர நீரில் நிற்கும். ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திராது. அந்த வெள்ளத்தைத் தீர்க்கவே 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ தொடங்கப்பட்டது. ஒரே கட்டடத்தில் அடுக்கிய இரு நகல்களின் நிலையும் அதுவே.

தென்கொரியா இதற்குப் பெருவிலை கொடுத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ பரவி, வெளியில் நகல் இல்லாத 858 டெராபைட் அரசு ஊழியர் கோப்புகள் அழிந்தன. எந்த வன்தட்டின் எம்டிபிஎஃப்பும் அத்தீயை முன்னறிவிக்கவில்லை.

அவ்வெண் பயனற்றது அன்று. உதிரி வன்தட்டு எத்தனை வாங்கி வைப்பது என்பதற்கு அது வழிகாட்டும். தரவு பிழைக்குமா என்பதற்கு வாய் திறவாது. ஆதலால் ஒப்பந்தப்புள்ளியில் கேட்க வேண்டியவை வேறு: களத்தில் பதிவான ஆண்டுப் பழுது வீதம் என்ன? மீண்டெழ எத்தனை மணி நேரம்? மீட்பு ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது? மற்றொரு நகல் வேறொரு வடிநிலத்தில், வேறொரு மின்தடத்தில் உள்ளதா? இவற்றுக்கு விடையில்லாத திட்டம், மக்களின் நிலப்பதிவையும் மதிப்பெண் சான்றையும் தவறாகப் படித்த ஒரு சொல்லின்மேல் ஏற்றி வைக்கிறது.